புற்றில் முளைப்பதும் புல்தரையில் முளைப்பதும்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் காட்டுக் காளான் பறிப்பது பற்றி

ஐப்பசி மழை இரண்டு நாள் விட்டுவிட்டுப் பெய்தால் போதும், கடலூர், புதுச்சேரிப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் காளான் படங்கள் வர ஆரம்பித்துவிடும். ‘இதைச் சாப்பிடலாமா?’ என்று ஒருவர் கேட்பார். ‘தாராளமாக’ என்று இரண்டு பேரும், ‘ஐயோ, தொடாதீர்கள்’ என்று மூன்று பேரும் பதில் போடுவார்கள். எல்லோரும் பார்ப்பது அதே ஒரு படத்தைத்தான்.

செய்திகளும் இந்தக் குழப்பத்தைக் கூட்டத்தான் செய்கின்றன. 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளானைச் சமைத்துச் சாப்பிட்ட குறைந்தது 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். ஆஸ்திரேலியாவின் லியோங்காதா என்ற சிற்றூரில் 2023 ஜூலையில் ஒரு வீட்டு விருந்தில் பரிமாறிய நச்சுக் காளானால் மூன்று பேர் இறந்தார்கள். அது கொலைதான் என்று 2025 ஜூலையில் தீர்ப்பானது. இன்னொரு பக்கம் யூடியூபைத் திறந்தால், ஐரோப்பாவில் குடும்பம் குடும்பமாகக் கூடையோடு காட்டுக்குள் போய்க் காளான் பறித்து, அங்கேயே வெண்ணெயில் வதக்கிச் சாப்பிடுகிறார்கள். நம் ஊரிலேயே பாட்டிமார்கள் புற்றுக் காளானைப் பறித்து வந்து குழம்பு வைத்ததைப் பார்த்தவர்கள் நிறைய. அப்படியானால் காட்டுக் காளான் ஆபத்தா, இல்லையா?

‘இது விஷமா?’ என்று கேட்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஒரு காளானைக் கையில் வைத்துக்கொண்டு அது விஷமா என்று வீட்டில் சோதித்துப் பார்க்க எந்த வழியும் கிடையாது. கேட்க வேண்டியது ‘இதன் பெயர் என்ன?’ என்பதுதான். பெயர் உறுதியாகத் தெரிந்தால் மற்றதெல்லாம் தெரிந்துவிடும். தெரியவில்லையென்றால் அது சமையலறைக்குள் வரக் கூடாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

காளான் ஒரு பழம்

நாம் பறிக்கும் குடை அந்த உயிரின் ஒரு சிறு பகுதிதான். மாமரம் முழுக்க மண்ணுக்குள் புதைந்திருக்க, மாம்பழம் மட்டும் வெளியே தலைகாட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். மண்ணிலோ மரக்கட்டையிலோ நூல் நூலாகப் பரவிக் கிடக்கும் பூஞ்சை இழைதான் மரம். இதற்கு மைசீலியம் என்று பெயர். ஈரமும் வெப்பமும் சரியாக அமையும்போது அது வெளியே தள்ளும் பழம்தான் காளான். குடையின் அடியில் விசிறி மடிப்பு போல இருப்பவை செவுள்கள். அவற்றிலிருந்து உதிரும் கண்ணுக்குத் தெரியாத தூள்தான் ஸ்போர், அதாவது அதன் விதை.

தமிழில் இதற்கு ஆம்பி என்ற பழைய பெயரும் உண்டு. சங்கப் பாடல்களிலேயே வருகிறது. பேச்சில் காளான் என்றால் தின்பது, நாய்க்குடை என்றால் தின்னக் கூடாதது என்று ஒரு பிரிவினை இருக்கிறது. பெயர் வைக்க அது உதவும். எது எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க உதவாது.

ஒரு காளான் எதைத் தின்று வாழ்கிறது என்பதைப் பொறுத்து அது முளைக்கும் இடம் அமைகிறது. இந்தப் பிரிவு தெரிந்தால் பாதி அடையாளம் கிடைத்த மாதிரி:

1. மட்கியதைத் தின்பவை. வைக்கோல், சாணம், இலைச் சருகு, இற்றுப்போன மரம் ஆகியவற்றில் வளர்பவை. வைக்கோல் காளான், சிப்பிக் காளான், புல்தரையில் வரும் பெரிய வெள்ளைக் குடைகள் எல்லாம் இந்த வகை.

2. உயிருள்ள மரத்தின் வேரோடு கூட்டு வைப்பவை. மரம் சர்க்கரை தரும், பூஞ்சை மண்ணிலிருந்து நீரும் சத்தும் எடுத்துத் தரும். உலகிலேயே அதிகம் பேரைக் கொன்ற அமானிட்டா வகைகளில் பெரும்பாலானவை இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. குளிர்நாட்டு வீடியோக்களில் வரும் மஞ்சள் ஷாந்தெரல் காளானும் இதே கூட்டம்தான்.

3. கறையானோடு கூட்டு வைப்பவை. புற்றுக் காளான்.

நம் பக்கத்துச் சமவெளியில் பொழுதுபோக்காகக் காளான் தேட விரும்புகிறவருக்கு மூன்றாவது வகைதான் முதல் பாடம். பலருக்கு அதுவே கடைசிப் பாடமாக இருந்தாலும் தவறில்லை.

நம் மண்ணில் எங்கே என்ன

குளிர்நாட்டில் இலையுதிர் காலம் காளான் காலம். இங்கே அதை மழைதான் தீர்மானிக்கிறது. ஆடி, ஆவணியில் மாலை நேரத்து இடிமழைக்குப் பிறகு ஒரு சுற்று வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்த பிறகு பெரிய சுற்று. மழை பெய்தால் மட்டும் போதாது, விட்டு வெயிலும் அடிக்க வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த மாதிரி மழை காளானுக்கு உதவாது. குடை முளைப்பதற்குள் எல்லாம் நீரில் அழுகிவிடும்.

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பது ஊர்ப் பேச்சு. இடியோடு வரும் மழைதான் முக்கியக் காரணம் என்று தள்ளிவிடலாம். ஆனால் ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழகத்தில் செயற்கை மின்னலைப் பாய்ச்சிப் பார்த்து, ஷிடேக் உள்ளிட்ட சில காளான்களில் விளைச்சல் கூடுவதாகக் கண்டிருக்கிறார்கள். பாட்டி சொன்னதை முழுக்கத் தள்ள வேண்டாம்.

நிலத்தைப் பொறுத்தவரை, பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் முந்திரிக் காடுகளும் ஆரோவில், திருவக்கரை பக்கத்துச் செம்மண் மேடுகளும் கறையானுக்கு ஏற்றவை. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் நெல் வயல், அதனால் வைக்கோல் போர். கடற்கரையோரம் மணலில் சவுக்குத் தோப்பு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்த மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போட்டது நினைவிருக்கும். அப்படி விழுந்து கிடந்து இற்றுப்போகும் மரத்தில் ஏறுவது சிப்பிக் காளானும் அதன் உறவுகளும்.

புற்றுக் காளான்: கறையான் செய்யும் விவசாயம்

கறையான் மரத்தைத் தின்கிறது என்கிறோம். நம் ஊரில் புற்று கட்டும் வகைகள் அதை நேரடியாகச் செரிப்பதில்லை. சருகையும் கட்டையையும் மென்று, அரைகுறையாகச் செரித்துக் கழித்து, புற்றுக்குள் தேன்கூடு போன்ற ஓர் அமைப்பைக் கட்டுகின்றன. அதன் மேல் டெர்மிடோமைசிஸ் என்ற பூஞ்சை வளர்கிறது. கட்டையைச் செரிக்கும் வேலையைப் பூஞ்சை செய்து கொடுக்க, அதில் தோன்றும் வெள்ளை முத்து போன்ற உருண்டைகளையும் பழைய கூட்டையும் கறையான் தின்கிறது. இந்த ஏற்பாடு சுமார் 3 கோடி ஆண்டுப் பழசு. மனிதன் ஏர் பிடித்து எத்தனை ஆயிரம் ஆண்டு ஆகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மழைக்குப் பிறகு, ஈசல் பறக்கும் அதே பருவத்தை ஒட்டி, அந்தப் பூஞ்சை தன் குடையை வெளியே தள்ளுகிறது. கூடு மண்ணுக்குள் ஆழத்தில் இருப்பதால் காம்பு வேர் மாதிரி நீண்டு, மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வர வேண்டும். அதற்காகவே குடையின் நடுவில் கெட்டியான கூர்முனை ஒன்று இருக்கிறது. இந்த இரண்டும், அதாவது அடியில் நீண்ட வேரும் உச்சியில் முனையும், புற்றுக் காளானின் பிழைப்பு முறையிலிருந்து வருபவை. அழகுக்காக அமைந்தவை அல்ல. அதனால்தான் அடையாளத்துக்கு நம்பலாம்.

கறையான் இல்லாமல் இதன் குடையை விளைவிக்க இன்னும் யாராலும் முடியவில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் பால் காளானைக் கொட்டகைக்குள் கொண்டுவந்து 1998இல் ஏபிகே 2 என்ற ரகமாக வெளியிட்டுவிட்டது. சிப்பி, மொட்டு, வைக்கோல் எல்லாம் பையிலும் படுக்கையிலும் வளர்கின்றன. புற்றுக் காளானை மட்டும் தேடித்தான் போக வேண்டும். சீசனில் சாலையோரம் கூறு வைத்து விற்பவர்கள் சொல்லும் விலைக்கு இதுதான் காரணம். புற்று உயிரோடு இருக்கும்வரை அதே இடத்தில் அடுத்த வருடமும் முளைக்க வாய்ப்பு உண்டு. அதனால் இடம் தெரிந்தவர்கள் வாயைத் திறப்பதில்லை!

அடையாளம் பார்க்க வேண்டியவை ஐந்து. ஐந்தும் ஒத்துப்போக வேண்டும், நான்கு போதாது:

1. இடம். புற்றின் மேலோ அதன் அருகிலோ செம்மண் தரையில் கூட்டமாக. வெளியே மேடு தெரியாமல் நிலத்தடியில் மட்டும் கறையான் கூடு இருப்பதும் உண்டு.

2. குடையின் நடுவில் கூர்மையான, பெரும்பாலும் சற்றே நிறம் கூடிய முனை. தடவினால் கெட்டியாக இருக்கும்.

3. செவுள்கள் வெள்ளை, முற்றும்போது லேசான இளஞ்சிவப்பு. எந்த நிலையிலும் பச்சை வராது.

4. காம்பு நார் நாராக, உள்ளே கெட்டியாக. மண்ணுக்குள் முடியாமல் குச்சி போல நீண்டுகொண்டே போகும். பிடுங்காமல் சுற்றியுள்ள மண்ணைக் குச்சியால் மெல்ல விலக்கிப் பார்த்தால் தெரியும்.

5. ஸ்போர் தூள் வெளிர் இளஞ்சிவப்பு. இதை எடுக்கும் விதம் பின்னால் வருகிறது.

‘புற்றில் முளைத்தது எல்லாம் புற்றுக் காளான்’ என்று நினைத்துவிடக் கூடாது. கறையான் கைவிட்ட புற்றில் கறுத்த விரல்கள் மாதிரி நீட்டிக்கொண்டு வரும் சைலேரியா இருக்கிறது. வறண்ட நிலத்துப் புற்றுகளில் மூடிய குடை போல நிற்கும் பொடாக்சிஸ் இருக்கிறது. இரண்டுக்கும் மேலே சொன்ன ஐந்தும் பொருந்தாது.

அரிசிக் காளான் என்று சொல்லும் பொடி வகை ஒன்றும் இந்தக் குடும்பத்தில் உண்டு. கறையான்கள் கூட்டின் துணுக்குகளை வெளியே கொண்டுவந்து போட, அதிலிருந்து நூற்றுக்கணக்கில் வெள்ளை வெள்ளையாக முளைக்கும். ருசியானது என்பார்கள். ஆனால் கூடு தரைமட்டத்திலேயே கிடப்பதால் நீண்ட வேர் இருக்காது, குடையும் சிறியது. சின்ன வெள்ளைக் காளான்களில்தான் கொல்லும் வகைகளும் ஒளிந்திருக்கின்றன. புதிதாகத் தொடங்குபவர் அரிசிக் காளானை விட்டுவிடுவது நல்லது. பரம்பரையாகப் பறிப்பவர்கள் பறித்துக்கொள்ளட்டும்.

புல்தரை வெள்ளைக் குடை: ஏமாறுவது இங்கேதான்

பூங்கா, பள்ளி மைதானம், வீட்டுப் புல்வெளி. மழை விட்ட மறுநாள் காலை உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று குடைகள், சில நேரம் வட்டமாக. மேலே பழுப்புச் செதில்கள், காம்பில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய வளையம். பார்த்தால் யாருக்கும் பறிக்கத் தோன்றும். இதுதான் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டஸ், பச்சை ஸ்போர் குடை. வெப்ப நாடுகளில் காளான் நச்சால் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களில் பலர் இதைத் தின்றவர்கள்தான்.

இளசாக இருக்கும்போது செவுள் வெள்ளையாகவே இருப்பதுதான் இதன் தந்திரம். முற்றிய பிறகுதான் பச்சை ஏறும். இளங்காளான்தானே ருசி என்று மொட்டாகப் பறிப்பவருக்கு அந்த எச்சரிக்கை கிடைப்பதே இல்லை. சாப்பிட்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு, சில நேரம் ரத்தமும் போகும். பெரியவர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் நீரிழப்பு ஆபத்தாகிவிடும். கையில் இருப்பது இதுவா, புற்றுக் காளானா என்று சந்தேகம் வந்தால் அடியைப் பாருங்கள். இதன் காம்பு தரைக்குக் கீழே சற்றுப் பருத்து, அங்கேயே முடிந்துவிடும்.

வாந்தி தாமதமாக வந்தால்

குளோரோஃபில்லம் போன்றவை வயிற்றைப் புரட்டும். அமடாக்சின் என்ற நஞ்சு கொண்டவை கல்லீரலை அழிக்கும். மரண அமானிட்டா (ஆங்கிலத்தில் டெத் கேப்), சிறிய லெபியோட்டா வகைகள் சில, கலெரினா வகைகள் சில ஆகியவற்றில் இந்த நஞ்சு இருக்கிறது. மரண அமானிட்டா குளிர்நாட்டு மரங்களோடு வாழ்வது. ஆனால் லெபியோட்டா கூட்டத்துக்கு மரத்தின் துணை தேவையில்லை. சருகிலும் புல்லிலும் வளரும். சின்ன வெள்ளைக் காளான் வேண்டாம் என்று மேலே சொன்னது இதனால்தான்.

இந்த நஞ்சு, உடலின் செல்கள் புரதம் செய்யத் தேவையான ஒரு நொதியை முடக்குகிறது. புரதம் செய்ய முடியாத செல் செத்துப்போகும். கல்லீரல் அதைப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்ப, குடல் மறுபடி உறிஞ்சிக் கல்லீரலுக்கே அனுப்பும். ஒரே நஞ்சு சுற்றிச் சுற்றி அடிக்கிறது. வேகவைத்தாலும் காயவைத்தாலும் உறைய வைத்தாலும் அது அழியாது. ஒரே ஒரு மரண அமானிட்டாவில் பாதிக் குடை ஒரு பெரியவரைக் கொல்லப் போதும்.

நடக்கும் வரிசை இது:

1. முதல் 6 முதல் 12 மணி நேரம், சிலருக்கு ஒரு நாள்வரை, ஒன்றுமே தெரியாது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள்.

2. அதன் பிறகு ஒரு நாள் அளவுக்குக் கடுமையான வாந்தி, பேதி.

3. இரண்டாம், மூன்றாம் நாள் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். வீட்டுக்குப் போகலாம் என்று நோயாளியே கேட்பார். உள்ளே கல்லீரல் செத்துக்கொண்டிருக்கும்.

4. அதற்குப் பிறகு மஞ்சள் காமாலை, ரத்தப்போக்கு, சிறுநீரகக் கோளாறு. சிலருக்குக் கல்லீரல் மாற்று சிகிச்சை தவிர வழி இருக்காது.

ஆகவே, சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்து வாந்தி தொடங்கினால் அதுதான் மோசமான அறிகுறி. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, ‘உடனே வாந்தி வந்துவிட்டது, அதனால் பயமில்லை’ என்றும் இருந்துவிடக் கூடாது. ஒரே குழம்பில் இரண்டு வகை கலந்திருக்கலாம்.

இன்னும் இரண்டு வகை நஞ்சைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாட்டுச் சாணத்தில் வரும் சிலவற்றில் மனத்தை மயக்கும் சிலோசைபின் இருக்கிறது. அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள பொருள், எனவே சாணக் காளான் பக்கமே போக வேண்டாம். மைக்குடை வகை ஒன்று சும்மா சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. சாப்பிட்ட நாளிலோ அடுத்த ஓரிரு நாளிலோ மது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுக்க வைக்கும். புதுச்சேரியில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது.

வீட்டுச் சோதனைகள் ஏன் வேலை செய்யாது

1. வெள்ளிக்காசு, பூண்டு, மஞ்சள், அரிசி போட்டுக் கொதிக்க வைத்து நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது. நிறம் மாறுவது கந்தகச் சேர்மங்களாலோ வேறு எதனாலோ. அமடாக்சின் எதையும் கறுக்க வைக்காது.

2. பூச்சி, நத்தை, அணில் தின்றதா என்று பார்ப்பது. அவற்றின் உடல் வேறு, நம் உடல் வேறு. மரண அமானிட்டாவை நத்தை நன்றாகத் தின்னும்.

3. பளிச்சென்ற நிறம் இருந்தால்தான் விஷம் என்பது. மிக மோசமானவை வெள்ளையும் வெளிர்பச்சையும்தான்.

4. தோலை உரித்தால் சரி, தண்ணீரை வடித்தால் சரி, நல்ல மணம் இருந்தால் சரி என்பவை. மரண அமானிட்டாவைத் தின்று பிழைத்தவர்கள் அது ருசியாக இருந்ததாகவே சொல்லியிருக்கிறார்கள்.

5. காம்பின் அடியில் கிண்ணம் போன்ற உறை இருந்தால் விஷம் என்பது. நாம் விரும்பிச் சாப்பிடும் வைக்கோல் காளானுக்கும் அதே கிண்ணம் உண்டு.

ஐந்தாவதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 2012 புத்தாண்டை ஒட்டி ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் காளான் சமைத்துச் சாப்பிட்டு இரண்டு பேர் இறந்தார்கள். சமைத்தவர் சீனச் சமையல்காரர். சொந்த நாட்டு வைக்கோல் காளான் என்று நினைத்துப் பறித்தது மரண அமானிட்டா. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களுக்கும் இதே மாதிரி நடந்திருக்கிறது. இவர்கள் அறியாதவர்கள் அல்லர். தங்கள் ஊரில் இந்தக் காளானை நூறு முறை பறித்தவர்கள். அந்த ஊரில் அவர்கள் அறிவு சரியாகவே இருந்தது, ஏனென்றால் அங்கே மரண அமானிட்டா முளைப்பதில்லை.

பிரெஞ்சு வீடியோவைப் பார்த்துவிட்டு வில்லியனூரில் காளான் தேடுபவர் இதே தவறை எதிர்த்திசையில் செய்கிறார். இருளர் பெரியவர் ஒருவருக்கோ செம்மண் காட்டு ஊர்ப் பாட்டிக்கோ இருக்கும் அறிவு, அந்த இடம், அந்தப் பருவம், அந்த ஒன்றிரண்டு காளான்கள் என்ற எல்லைக்குள் மிக உறுதியானது. அவர்களோடு நான்கைந்து மழைக்காலம் கூடவே நடந்தால்தான் அது நமக்கு வரும். படத்தைக் காட்டிக் கேட்டால் வராது.

பெயர் கண்டுபிடிக்கும் வேலை

உண்மையில் பொழுதுபோக்கு என்பது இந்தப் பகுதிதான். தின்பது பிறகு. செய்ய வேண்டியது:

1. முளைத்த இடத்திலேயே மேலிருந்தும் பக்கவாட்டிலும் செவுளையும் படம் எடுங்கள். பக்கத்தில் என்ன மரம், புற்று உண்டா, சாணமா, கட்டையா என்று குறியுங்கள்.

2. கத்தியால் தரைமட்டத்தில் வெட்டாதீர்கள். அடிக்கிண்ணமும் வேரும் மண்ணுக்குள்தான் இருக்கும். முழுதாக எடுக்க வேண்டும். ஆனால் அதற்காகப் புற்றை இடிக்காதீர்கள். குடையைப் பறிப்பதால் பூஞ்சை சாகாது, புற்றை இடித்தால் விளைந்த வயலே போய்விடும்.

3. பிளாஸ்டிக் பையில் போட்டால் ஒரு மணி நேரத்தில் வியர்த்து அழுகும். ஓலைப்பெட்டியோ பிரம்புக் கூடையோ நல்லது. வகைக்கு ஒரு காகிதப் பொட்டலம்.

4. வீட்டில் ஸ்போர் தூள் எடுங்கள். விரிந்து முற்றிய குடையின் காம்பை நீக்கி, செவுள் கீழே பார்க்கும்படி பாதி வெள்ளை, பாதி கறுப்புத் தாளின் மேல் வைத்து, ஒரு பெரிய டம்ளரைக் கவிழ்த்து ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் தாளில் கோலம் போட்ட மாதிரி தூள் படிந்திருக்கும். பச்சை என்றால் குளோரோஃபில்லம், வேறு பேச்சே இல்லை. வெளிர் சிவப்பு புற்றுக் காளானுக்கும் வைக்கோல் காளானுக்கும் பொருந்தும். வெள்ளை என்றால் அமானிட்டாவும் லெபியோட்டாவும் பட்டியலில் வந்துவிடும், சிப்பிக் காளானும்கூட. துருப்பழுப்பும் கறுப்பும் நமக்கு வேண்டாதவை.

5. மண்ணிலிருந்து உருளைக்கிழங்கு போல எழும்பியிருந்தால் நெடுக்கில் வெட்டுங்கள். யூகலிப்டஸ் தோப்புகளில் இது நிறைய. உள்ளே கருநீலமாக இருந்தால் நச்சான ஸ்க்ளிரோடெர்மா. குடை, காம்பு, செவுள் ஆகியவற்றின் உருவம் உள்ளே வரைந்த மாதிரித் தெரிந்தால் அது மொட்டாக இருக்கும் அமானிட்டா.

செயலியில் படம் எடுத்தால் பெயர் வருகிறதே என்று கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் மூன்று செயலிகளுக்கு 78 மாதிரிகளின் படங்களைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023இல் வெளியானது. முதலிடம் பிடித்த செயலியே 49 சதவீதம்தான் சரியாகச் சொன்னது. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் குறைவு என்று கேலி செய்யலாம். ஆனால் படத்தில் ஸ்போர் நிறமும் மண்ணுக்குள் இருக்கும் வேரும் தெரியாதே, பாவம் செயலி என்ன செய்யும். அதே 2023இல், செயற்கை நுண்ணறிவு எழுதியதாகச் சந்தேகிக்கப்பட்ட காளான் கையேடுகள் இணையக் கடையில் விற்கப்பட்டு, நிபுணர்கள் எச்சரிக்க வேண்டி வந்தது.

பிரான்சில் மருந்தியல் படிப்பவர்களுக்குக் காளான் அடையாளமும் பாடம். கூடையை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போய்க் காட்டுவது அங்கே பழைய வழக்கம். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் இன்று மருந்துக் கடையில் காளானை நீட்டினால் வயிற்று மாத்திரைதான் கிடைக்கும். கல்லூரித் தாவரவியல் துறைகளில் பூஞ்சை படித்த ஆசிரியர்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும்தான் இங்கே கேட்கக்கூடிய இடங்கள்.

எங்கே பறிக்கக் கூடாது

காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் எதையும் எடுக்க முடியாது, காளானும் வனவிளைபொருள்தான். ஊசுடு ஏரி போன்ற சரணாலயங்களிலும் அப்படியே. ஆரோவில் காடுகள் நட்டு வளர்த்தவை, கேட்காமல் உள்ளே போகக் கூடாது. கோயில் காடுகளில் சுள்ளி ஒடிப்பதற்கே ஊர் ஒப்பாது. மிச்சம் இருப்பது சொந்தக் கொல்லை, தெரிந்தவர் தோப்பு. அதுவே நிறைய.

காளான் மண்ணிலிருக்கும் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். தொழிற்பேட்டை ஓரம், நெடுஞ்சாலை ஓரம், குப்பை மேடு, மருந்து அடித்த முந்திரித் தோப்பு, கரும்புக் கொல்லை ஆகியவற்றில் வளர்வது சரியான வகையாகவே இருந்தாலும் வேண்டாம்.

அடுப்புக்குப் போகும்போது

பறித்த அன்றே சமைக்க வேண்டும். காளானில் 90 சதவீதம் தண்ணீர், ஒரு நாளில் கெட்டுவிடும். நல்ல காளானைத் தின்றே வயிறு கெடுகிறது என்றால் பழையதாகியிருக்கும். வேர்ப்பகுதி மண்ணைச் சுரண்டி, குடையைக் கழுவி, பெரியதைக் கையால் கிழித்து, சின்ன வெங்காயம், மிளகு, சீரகம் போட்டுக் கறிக்குழம்பு மாதிரி வைப்பது வழக்கம். முழுக்க வேக வேண்டும். முதல் முறை சாப்பிடுபவர் இரண்டு துண்டோடு நிறுத்திக்கொண்டு மறுநாள்வரை பொறுக்கட்டும், சிலருக்கு நல்ல காளானே ஒத்துக்கொள்ளாது. இது ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க மட்டும். விஷச் சோதனை என்று நினைத்துவிடக் கூடாது. சமைக்காத காளான் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் குளிர்பெட்டியில் இரண்டு நாள் வைத்திருங்கள்.

உடம்புக்கு முடியாமல் போனால்

குளிர்பெட்டியில் எடுத்து வைத்த அந்த ஒரு காளானைத்தான் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும். அது இல்லையென்றால் குப்பைத் தொட்டியில் கிடக்கும் காம்புத் துண்டு, சட்டியில் மிச்சம் இருக்கும் குழம்பு, எதுவானாலும் சரி. 108க்கு அழையுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, மோர், எலுமிச்சை என்று நேரம் கடத்துவது வேண்டாம். கல்லீரலைக் கவனிக்கும் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும். இந்தப் பக்கத்து மக்களுக்கு ஜிப்மர் எட்டும் தூரத்தில் இருப்பது ஒரு வசதி.

மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியவை இரண்டு: எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, எத்தனை மணிக்கு முதல் வாந்தி. பிறகு, அதே குழம்பைச் சாப்பிட்டுவிட்டு ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று வாசலில் நின்று வழியனுப்புகிறவர்களையும் அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.